யந்திர மேதை ஜி. டி. நாயுடு

திருவண்ணாமலைக்குக் கார்த்திகைத் தீபத் திருநாளன்று வருவோர் எண்ணிறந்தவர். 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் அக்காலம், வடகிழக்குப் பருவமழை பெய்யுங் காலமுமாகும். வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் செங்கத்திலிருந்தும் பஸ்கள் இரவெல்லாம் மழையிலே வந்துகொண்டிருக்கும். பிரயாணிகள் மலைமுடியை நோக்கிக் கைகூப்புவர்; ஓட்டுநரோ தம் முன்னுள்ள கண்ணாடியையே நோக்கியிருப்பர். அக்கண்ணாடியின்மீது இடமும் வலமுமாக ஆடும் வைப்பர் நின்றுவிடுமாயின், உள்ளிருப்போர் அனைவருக்கும் ஆபத்து நேரிடும். ஆயினும் அச்சிறு கருவி எதனால் ஆடுகின்றது, அதனை எவ்வாறு பூட்டினர் என்று நம்முள் எவரும் நினைப்பதில்லை.

யானும் நினையாதிருந்தவனே. சென்ற மழைக்காலத்தில் அவ்வூரில் ஒரு பட்டறைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே இளைஞர் சிலர், பல இடங்களிலிருந்து திரட்டிய உதிரிப் பாகங்களைக் கொண்டு, இருவர் அமரத்தக்க சிறிய கார் ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டிருந்தனர். வீதியில் ஓட்டிப் பெருமை கொள்வதற்கன்று. கற்றுக்கொள்ளும் பொருட்டே அதனை அமைத்தனர். பழமையில் பற்றுடையவராதலின், டாஷ்போர்டில் பித்தளைக் குமிழ் பொருந்திய பழைய ஸ்விட்சுகளையும், கண்ணாடியில் பழைய மின்சார வைப்பர் ஒன்றையும் பொருத்தியிருந்தனர். எல்லாம் முடிந்து, ஒருவர் ஸ்விட்சைத் தட்டினார். விளக்குகள் எரிந்தன, வைப்பர் மட்டும் அசையவில்லை. மோட்டார் கெட்டுவிட்டது, புதியது வாங்குவோம் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் அதற்கு உடன்படவில்லை. முதலில் பாட்டரியும் மோட்டாரும் ஒத்த அளவினவா என்று பார்த்தார். பழைய கார்களிற் பல 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியவை. அவற்றின் மோட்டாரை இக்காலத்து 12 வோல்ட் பாட்டரியில் இணைத்தால் அது சூடேறிக் கருகிவிடும். இங்கு இரண்டும் 12 வோல்ட்டாகவே இருந்தன. பின்னர் ஸ்விட்சைக் கழற்றி, அதனுள்ளே இருந்த தொடுமுனைகளின் பாசியைத் தேய்த்தார். இறுதியாக மோட்டாரையே அவிழ்த்து, அது பொருந்தியிருந்த தகட்டைச் சுரண்டினார். அங்கே தடித்த வர்ணம் பூசப்பட்டிருந்தது. காருக்கு மின்சாரம் ஓர் ஒயர் வழியாகச் சென்று, காரின் இரும்புடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகின்றது. இதனையே எர்த் என்பர். வர்ணம் அவ்வழியை அடைத்திருந்தது. சுரண்டிய இடத்தில் மோட்டாரை மீண்டும் பூட்டியதும், வைப்பர் உயிர்பெற்று ஆடிற்று. ஒரு காசும் செலவாகவில்லை.

அக்காட்சியைக் கண்டபொழுது என் நினைவுக்கு வந்தவர், கொங்கு நாட்டிலே தோன்றி, யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியே பேரறிவு பெற்ற ஜி. டி. நாயுடு அவர்களே. அன்னார் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்லூரியிற் பயில்வோர் அவர் வாழ்வை அறிந்துகொள்ளுதல் இன்றும் பயனுடையது என்று கருதி இதனை எழுதலானேன்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்துள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள், வேளாண் குடும்பம் ஒன்றில் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு. அன்னையை அவர் இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவர் மனத்தைக் கவரவில்லை. பாடங்களை நெட்டுருப் பண்ணுவதில் வெறுப்புற்றார். ஆசிரியருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆரம்ப வகுப்புகளுடன் அவருடைய பள்ளிப் படிப்பு முடிவுற்றது. தோட்டத்து வேலையைப் பார்த்துக்கொண்டு, கைக்கெட்டிய நூல்களைத் தாமே படித்தார்.

இந்நிலையில் ஒரு நாள், ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்வதை அவ்விளைஞர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியை அக்காலத்துக் கிராமத்தார் கண்டது அரிது. கண்டவர் வியந்து, பின் மறந்தனர். துரைசாமி மறக்கவில்லை. அவ்வண்டி எவ்வாறு ஓடுகின்றது என்று அறியும் வரை அவருக்கு உறக்கமில்லை என்றே கூறலாம். ஊரை விட்டுக் கோயமுத்தூருக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை பிறர் இலைக்குச் சோறிடுவதை உறவினர் இழிவாக எண்ணியிருக்கக் கூடும். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, முந்நூறு ரூபாய் அளவு பணம் சேர்ந்ததும், தாம் கண்ட அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஏறி ஓட்டி மகிழ்ந்தாரோ எனின், அதனோடு நிற்கவில்லை. வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பரப்பினார். ஒவ்வொன்றும் எதற்காக உள்ளது என்று ஆராய்ந்தார். பின்பு அனைத்தையும் முன்போலவே பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆயிற்று. கற்பிப்பார் இல்லை, வரைபடம் இல்லை, ஆங்கில நூல்களைப் படித்தறியும் பயிற்சியும் அப்பொழுது இல்லை. கழற்றிய வரிசையை நினைவில் வைத்து, அதனைத் திருப்பிச் செய்தலே முறையாக இருந்தது.

இங்கே அயல்நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின், இங்கிலாந்தில் புதிய கார்களுக்கு விற்பனை வரி மிகுதியாக இருந்தது. பாகங்களாக விற்கப்பட்டு, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் கார்களுக்கு அவ்வரி இல்லை. 1957ஆம் ஆண்டு வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் கார் இவ்வாறு விற்கப்பட்டதே. பூட்டும் முறையை விளக்கும் புத்தகம் உடன் தரப்படலாகாது என்ற விதியை வெல்ல, பிரிக்கும் முறையை விளக்கும் புத்தகத்தைத் தந்தனர் என்றும், வாங்கியவர் அதனைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பூட்டினர் என்றும் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. அத்தகைய புத்தகமும் இன்றி, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கொங்கு நாட்டு இளைஞர் ஒருவர் அவ்வித்தையைத் தம் கையாலேயே கற்றுக்கொண்டார்.

நிற்க. மெக்கானிக்காகத் தொழில் பயின்ற நாயுடு அவர்கள், முதல் உலக மகாயுத்த காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். பின்னர்ப் பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிபத்தில் ஈடுபட்டு, ஈட்டியதை இழந்து திரும்பினார். விலை ஏறும், இறங்கும் என்று ஊகித்துப் பொருள் தேடுவது தமக்கு இயைந்த தொழிலன்று என்பதை அவ்விழப்பு உணர்த்திற்றுப் போலும். மீண்டும் யந்திரங்களிடமே வந்தார். கோயமுத்தூரில் ஆலைகளும் பள்ளியும் நிறுவிப் புகழ்பெற்ற ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்கள், கையில் முதலில்லாத இவருடைய திறமையை நம்பிக் கடனுதவி செய்தார். அவ்வுதவியால் 1920ஆம் ஆண்டு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார்.

அக்காலத்துப் பஸ் ஓட்டுநரின் பாடு இக்காலத்தார் அறியாதது. அந்நாட்களில் வண்டியின் அடித்தளமாகிய சேஸிஸ் கப்பலில் வந்திறங்கும்; மரக்கூடும் இருக்கைகளும் இங்குள்ள தச்சராலும் கொல்லராலும் அமைக்கப்படும். ஒரு சிறு உறுப்பு பழுதானாலும் அது சீமையிலிருந்து வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அல்லது, தாமே செய்துகொள்ளுதல் வேண்டும். மழைநீர் துடைக்கும் வைப்பரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பெண்மணியாகிய மேரி ஆண்டர்ஸன் 1903ஆம் ஆண்டு உரிமை பெற்ற வைப்பர், உள்ளிருந்து நெம்புகோலைக் கையால் அசைத்து இயக்குவது. பின்னர் வந்தது, எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவிசையால் ஆடுவது. அது சமவெளியில் நன்றாக ஆடும். வண்டி மேட்டில் ஏறும்பொழுது, எஞ்சினுக்குப் பாரம் மிகுந்து இழுவிசை குறைய, வைப்பர் சோர்ந்து நிற்கும். மலைப்பாதையில் மழை கடுமையாகப் பெய்யும் வேளையிலேயே கண்ணாடி மறைந்துபோகும். சிறு மின்மோட்டாரால் ஆடும் வைப்பர் பரவிய பின்னரே இத்தொல்லை நீங்கியது.

ஆகவே, மோட்டார் வண்டித் தொழில் நம் நாட்டில் நிலைபெற வேண்டுமாயின், ஓட்டத் தெரிந்தவர் மட்டும் போதாது. திறந்து பார்க்கத் தெரிந்தவரும், இல்லாத உறுப்பை ஆக்கத் தெரிந்தவரும் வேண்டும். நாயுடு அவர்கள் இதனைத் தம் அனுபவத்தாலேயே அறிந்தவர். ஒற்றைப் பஸ்ஸில் தொடங்கிய அவருடைய தொழில், யுனிவர்ஸல் மோட்டார் ஸர்வீஸ் என்னும் பெயருடன் வளர்ந்து, 1933ஆம் ஆண்டளவில் 280 பஸ்களை உடையதாயிற்று. யு. எம். எஸ். பஸ்கள் காலந் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்றிருந்தன.

பொருள் பெருகிய பின்பும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பன்முறை பிரயாணம் செய்தார். பிறர் வேடிக்கை பார்க்கச் சென்ற நாடுகளில், அவர் தொழிற்சாலைகளையே நாடினார். புகைப்படக் கருவியிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சலனப் படமாக எடுத்தார்.

கோயமுத்தூரில் பீளமேட்டிலிருந்த அவருடைய மின்தொழிற்சாலையிலிருந்து 1937ஆம் ஆண்டு ஒரு மின்மோட்டார் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர் டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் மற்றொரு திறமையாளர். அதுவே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகின்றது. கிணற்று நீரை நம்பி வாழும் கொங்கு நாட்டுக்கு இதனால் விளைந்த நன்மை சொல்லுந் தரமன்று. ஏற்றமும் கவலையும் நின்று, மோட்டார்களும் பம்புகளும் வயல்தோறும் ஓடலாயின. அவற்றைச் செய்யும் பட்டறைகள் கோயமுத்தூரில் நூற்றுக்கணக்கிற் பெருகின.

பெரிய மோட்டாரோடு மிகச் சிறிய மோட்டாரையும் அவர் கருதினார். உலர் மின்கலங்களால் இயங்கும் சிறு மோட்டார் கொண்ட க்ஷவரக் கருவி ஒன்றை அமைத்தார். ரேஸண்ட் என்னும் பெயருடன் அது ஜெர்மனியில் செய்யப்பட்டது. மிக மெல்லிய க்ஷவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு யந்திரம் முதலியனவும் அவர் சிந்தையில் உதித்தவையே. 1941ஆம் ஆண்டு, ஐந்து வால்வுகள் கொண்ட ரேடியோவை எழுபது ரூபாய்க்கு நம் நாட்டிலேயே செய்து தர இயலும் என்று அறிவித்தார். இவை அனைத்திலும் ஒரு நோக்கமே தோன்றுகின்றது. சீமையிலிருந்து வருவதை வாங்கி ஸ்விட்சைத் தட்டுவதோடு நம்மவர் நின்றுவிடலாகாது. அதனுள்ளே இருப்பதை அறிந்து, மலிவாகவும் இங்கேயே செய்தல் வேண்டும் என்பதே அந்நோக்கம்.

வேளாண்மையையும் அவர் விட்டாரில்லை. பத்தடி உயரம் வளரும் பருத்திச் செடிகளையும், மிகுந்த பலன் தரும் பப்பாளி மரங்களையும் தம் தோட்டத்தில் வளர்த்தார். ஸர் ஸி. வி. ராமன், ஸர் எம். விஸ்வேஸ்வரய்யா போன்ற பேரறிஞரும் அவர் திறமையைக் கண்டு மதித்தனர்.

1944ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் மோட்டார்த் தொழிலின் நேர்முகப் பொறுப்பிலிருந்து விலகி, கல்வி வளர்ச்சியிலும் அறப்பணியிலும் ஈடுபடலானார். அடுத்த ஆண்டு, அந்நாளைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் அவர்கள் பெயரால் கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரியும் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று விளங்குவது அவ்வெஞ்சினீயரிங் கல்லூரியே. ஆரம்பப் பள்ளியை முடித்து வெளியேறியவர் எஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவராக அமர்ந்தது வியத்தற்குரிய செய்தியன்றோ! ஆயினும் அப்பதவியில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குவது என்றும், கைப்பயிற்சியோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே மிகையானவை என்றும் அவர் கருதினார். அரசாங்கத்தார் இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார்.

இவ்விஷயத்தில் நாயுடு அவர்கள் கூறியது முற்றும் சரி என்று சாதிக்க யான் முற்படவில்லை. பாலம் கட்டுவோனுக்கும் மின்னாக்கி அமைப்போனுக்கும் கணிதமும் தத்துவமும் இன்றியமையாதவை. அவற்றைக் கற்கக் காலம் வேண்டும். எல்லாரும் தாமே கற்கவல்ல மேதைகளும் அல்லர். தமக்கு எளிதாக இருந்தது பிறருக்கும் எளிதாக இருக்கும் என்று எண்ணியது அவருடைய குறையெனவும் கொள்ளலாம். ஆயினும் அவர் சுட்டிய நோய் மெய்யானது. மின்சாரத்தின் விதிகளைப் பிழையற எழுதித் தேறியவர், தம் வீட்டில் பியூஸ் ஒன்று போனால் கைபிசைந்து நிற்பதை நாம் இன்றும் காண்கின்றோம்.

அவர் வாழ்வில் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு, பெட்ரோலில் ஓடும் இருவர் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் அடக்கவிலை இரண்டாயிரம் ரூபாயே. காரென்பது செல்வருக்கே உரியது என்றிருந்த நாளில், நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க கார் அது. ஆனால், அதனைத் தொழிற்சாலையில் பெருக்கிச் செய்வதற்கு வேண்டிய லைசென்ஸை அரசாங்கம் அளிக்க மறுத்துவிட்டது. கார் உற்பத்தி நின்றது. அரசாங்கத்தாருக்கும் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். அந்நியச் செலாவணியும் இரும்பும் அரிதாயிருந்த அக்காலத்தில், சில தொழிற்சாலைகளுக்கே உரிமை அளிப்பது என்பது அவர்தம் கொள்கை. எனினும் விளைந்த நஷ்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தில் வரிச் சலுகை, தம் கையாலேயே கார் பூட்டுவோரைப் பல்லாயிரவராகப் பெருக்கிற்று. நம் நாட்டிலோ, மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய கை, முதிர்ந்த அனுபவத்தோடு ஒரு காரை ஆக்கி நீட்டியபொழுது, வாங்குவார் இல்லாமலன்று, விற்க அனுமதி இல்லாமையால் அது வீணாயிற்று. ஒரு காரை மட்டுமா இழந்தோம்? அதனைச் செய்யக் கற்றிருக்கக்கூடிய ஆயிரம் தொழிலாளரின் அறிவையும் இழந்தோம்.

நாயுடு அவர்கள் 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் நாள் தம் 80ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நிறுவிய அறக்கட்டளையும், கோயமுத்தூர் அவிநாசி சாலையிலுள்ள கண்காட்சியும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன. 2015ஆம் ஆண்டு அங்கே ஒரு கார்ப் பொருட்காட்சிசாலையும் திறக்கப்பட்டது. கோவைக்குச் செல்லும் மாணவர் அதனைக் காணாது திரும்பலாகாது. பழங்காலக் கார்களின் டாஷ்போர்டுகளையும், அவற்றின் ஸ்விட்சுகளையும், கண்ணாடியில் துவண்டு கிடக்கும் வைப்பர்களையும் அங்கே நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சிந்தித்துச் செய்தது. வேறொருவர் திறந்து பார்த்துச் சீர்ப்படுத்தியது.

மாணவ நண்பர்களே, நாயுடு அவர்களைப்போல் நாமும் பள்ளியைத் துறக்க வேண்டுமென்று எவரும் கருதவேண்டா. அவர் பள்ளியை விட்டாரேயன்றிக் கற்பதை விட்டாரில்லை; பிறர் கல்வி பெறுவதற்காகத் தம் பொருளையும் உழைப்பையும் அளித்தார். நமக்கு நூல்களும் ஆசிரியரும் ஆராய்ச்சிச் சாலையும் வாய்த்துள்ளன. அவற்றோடு அவருடைய பழக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோமாயின், நம் கல்வி நிறைவுறும். பழுதுற்ற பொருளை எறிவதற்கு முன், அதனைத் திறந்து பார்க்கும் பழக்கமே அது.

திருவண்ணாமலைப் பட்டறையை விட்டு யான் புறப்பட்டபொழுது மாலை இருண்டு தூறல் விழத் தொடங்கிற்று. இளைஞர் அக்காரைச் சற்றே வாசலுக்குத் தள்ளிவந்து, தம் வைப்பரை மெய்யான மழையில் சோதித்துக்கொண்டிருந்தனர். அது பழைய வகையாதலின், நிறுத்தும்பொழுது தானே ஓரத்திற் சென்று ஒதுங்காது. கண்ணாடியின் ஓரத்தை அடையும் தருணம் பார்த்து ஸ்விட்சை அணைத்தல் வேண்டும். அவ்விளைஞருள் ஒருவர் மீண்டும் மீண்டும் தவறி, நடுவிலேயே அதனை நிறுத்திக்கொண்டிருந்தார். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ சரியாக ஓரத்தில் நின்றது. அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சி, முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிளை மீண்டும் பூட்டி முடித்து உதைத்தபொழுது, கலங்கல் துரைசாமியின் முகத்திலும் தோன்றியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே நான் பஸ் ஏறினேன்.